முட்டுவதற்கு முன் காளை பக்கவாட்டைக் காட்டும்

"ஒண்ணுஞ் செய்யாது சார், குட்டியில இருந்தே எங்க கையில வளந்தது." காளைக்கு ஊசி போடப் போன இடத்தில் இப்படி யாராவது சொன்னால், தொழுவிலிருந்து வெளியே வர எத்தனை வழி என்றுதான் முதலில் பார்ப்பேன். தாமிரபரணிக் கரை ஊர்களில் மாட்டு டாக்டராக அலைந்ததில் வந்த பழக்கம் இது.

வேறு மாடுகளோடு சேராமல் தனியாக வாளிப்பால் குடித்து வளர்ந்த கன்றுக்கு மனுஷனும் இன்னொரு மாடுதான். கன்றாக இருக்கும்போது நெற்றியில் கை வைத்துத் தள்ளி விளையாடுவோம். இரண்டு வயதில், யார் பெரியவன் என்று பார்க்க அதே நெற்றியோடு வரும். ஜெர்சி கலப்பில் இது இன்னும் மோசம். கொம்பைத் தீய்த்திருப்பார்கள், பார்க்க அப்பாவியாக இருக்கும். நெற்றியால் சுவரோடு வைத்து அழுத்தினாலே விலா எலும்பு போய்விடும்.

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு தொழு. அண்ணாச்சி தண்ணீர் காட்டப் போனார். காளை குடிக்கவில்லை. தலையைத் தாழ்த்தி, முதுகை வில்லாக வளைத்து, உடம்பு முழுவதையும் பக்கவாட்டில் எங்களுக்குக் காட்டி நின்றது. கண் லேசாகப் பிதுங்கியிருந்தது. "எப்படி ஜோரா நிக்கான் பாத்தியளா" என்றார். அது 'என் பருமனைப் பார்' என்கிற மிரட்டல். "அண்ணாச்சி, வாளியப் போட்டுட்டு அப்படியே பின்னால வாங்க. திரும்பாதிய" என்றேன். நல்லவேளை, கேட்டார். அவர் படலுக்கு வெளியே வந்த கையோடு வாளி சப்பளிந்து கிடந்தது.

காலால் மண்ணை வாரினால் எல்லாருக்கும் புரிகிறது. இந்தப் பக்கவாட்டு நிலைதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. அப்போது ஓடக் கூடாது. அதன் மேல் கண்ணை வைத்தபடியே மெதுவாகப் பின்வாங்கி, படலோ மரமோ நடுவில் வருமாறு விலகணும்.

மாட்டுக்குச் சுற்றிலும் ஏறக்குறைய 330 டிகிரி தெரியும், நேர் பின்னால் மட்டும் தெரியாது. அதனால் குரல் கொடுத்துக்கொண்டே தோள்பட்டைப் பக்கமாகப் போங்கள். மூக்கணாங்கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே வேண்டாம். இழுத்தால் விரலோடு போகும்.

சந்தையில் சுழி (மயிர் சுழன்றிருக்கும் இடம்) பார்த்து வாங்குபவர்களை நான் கிண்டல் செய்ததுண்டு. அப்புறம்தான் படித்தேன்: கண்மட்டத்துக்கு மேலே நெற்றிச்சுழி உள்ள மாடுகள் பிடித்துக் கட்டும்போது அதிகம் முரண்டு பண்ணுவதாக, அமெரிக்காவில் மாடுகளின் நடத்தையை ஆராயும் டெம்பிள் கிராண்டினின் குழு 1995-லேயே எழுதியிருக்கிறது. சுழி ராசி தரும் என்பதற்கு மட்டும் இன்னும் ஆதாரம் கிடைக்கவில்லை!

நேற்று வரை சாதுவாக இருந்த காளை இன்று சீறினால் குணத்தைத் திட்டாதீர்கள். குளம்பு, கண், காது என்று எங்காவது வலி இருக்கலாம். ஆனால் கரகரத்த குரலில் விடாமல் கத்தி, எச்சிலும் ஒழுகினால், தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று வாய்க்குள் கையை விட்டுவிடாதீர்கள். வெறிநோயாக (ரேபிஸ்) இருக்கலாம். கையை விட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தொழுப் பக்கம் விடாமல் எங்களுக்கும் ஒரு போன் போடுங்கள்.