பாஸ்போர்ட் ஃபார்ம்ல சர்நேம் கட்டத்துல நாம என்ன எழுதணும்?

பாஸ்போர்ட் அப்ளை பண்ண உக்காந்தா நம்ம ஊர்க்காரங்க நிறைய பேர் தடுமாறுறது கிவன் நேம், சர்நேம்னு இருக்குற ரெண்டு கட்டத்துலதான். நமக்கு குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல்தான் இருக்கு, அதை எங்க போடுறதுன்னு தெரியாம சர்நேமை காலியா விட்டுடுறாங்க. கிவன் நேம் மட்டும்தான் கட்டாயம்ங்கறதால ஃபார்மும் ஏத்துக்கும், பாஸ்போர்ட்டும் கைக்கு வந்துடும், பிரச்சனை விசா எடுக்கும்போதுதான் ஆரம்பிக்கும்.

அமெரிக்கா விசால ஒத்தைப் பேரா இருந்தா அதை சர்நேமா எடுத்துக்கிட்டு, கிவன் நேம் இடத்துல எஃப்.என்.யு.ன்னு அடிச்சிடுவாங்க, முதல் பேர் தெரியலன்னு அர்த்தம். அப்புறம் அங்க லைசென்ஸ், பேங்க்னு எங்க போனாலும் அதுவே உங்க பேரா ஒட்டிக்கும். 2022 நவம்பர்ல யு.ஏ.இ.யும் ஒத்தைப் பேர் பாஸ்போர்ட்டுக்கு டூரிஸ்ட், விசிட் விசா கிடையாதுன்னு சொல்லிடுச்சு, அப்புறம் பாஸ்போர்ட்டோட ரெண்டாவது பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா பரவால்லன்னு தளர்த்துனாங்க.

அதனால சர்நேம் வேணுமேன்னு தாத்தா காலத்து சாதிப் பட்டத்தை தேடி எடுத்து ஒட்டுறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. 1929ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல சாதிப் பட்டத்தை விடணும்னு தீர்மானம் போட்டு, பெரியாரும் தன் பேர்ல இருந்த நாயக்கரை விட்டு, அப்படிக் கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்த விஷயம் அது, ஒரு ஃபார்ம்ல கட்டம் காலியா இருக்குன்னு திரும்பக் கொண்டு வரணுமா? நம்ம இனிஷியல்லயே தேவையானது இருக்கு. அண்ணாவோட சி.என்.ல காஞ்சிபுரமும் அப்பா நடராசனும் இருக்காங்க. எம்.எஸ். சுப்புலட்சுமியோட எம்.எஸ். மதுரையும் அவங்க அம்மா சண்முகவடிவும். ஊர், அப்பா, அம்மான்னு யார் பேரா இருந்தாலும் அது ஒரு தலைமுறையோட நின்னுடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஃபார்ம்ல இனிஷியலா போடக்கூடாது, விரிச்சு எழுதணும். ச. கவிதான்னு ஒருத்தங்க, அப்பா சண்முகம்னு வச்சுப்போம். கிவன் நேம்ல கவிதா, சர்நேம்ல சண்முகம், வேலை முடிஞ்சது. ரெண்டையும் மாத்திப் போட்டுட்டா டிக்கெட்லயும் ஹோட்டல்லயும் அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. போட்டோ பக்கத்துல கீழ ரெண்டு வரி மெஷின் படிக்கிற எழுத்து இருக்கும் பாருங்க, அதுல முதல் வரில சர்நேம்தான் முதல்ல வரும், அப்புறம் ரெண்டு அம்புக்குறி, அப்புறம்தான் கிவன் நேம். விசா ஃபார்ம், டிக்கெட் எல்லாத்துலயும் அந்தப் பிரிப்புப்படியே போட்டா குழப்பம் வராது.

இன்னொன்னு, கவிதாவோட சர்நேம் சண்முகம், ஆனா சண்முகத்தோட சர்நேம் அவங்க அப்பா பேரு. ஒரே வீட்டுக்குள்ள ஆளுக்கொரு சர்நேம், வெளிநாட்டு இமிக்ரேஷன்ல சில சமயம் கேப்பாங்க, குழந்தையோட போறப்ப பர்த் சர்டிபிகேட்டை கையில வச்சுக்கோங்க. கல்யாணம் ஆனா பொண்ணு பேரை மாத்தியே ஆகணும்னு சட்டம் எதுவும் கிடையாது, அப்பா பேரே சர்நேமா இருக்கட்டும்.

குழந்தை இருக்குற வீட்ல இதை பர்த் சர்டிபிகேட்லயே முடிவு பண்ணிடுங்க. 2023 அக்டோபர் 1 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ பொறந்த குழந்தைகளுக்கு பாஸ்போர்ட்ல பிறந்த தேதிக்கு அது ஒண்ணுதான் ஆதாரம். பிறப்பை 21 நாளுக்குள்ள பதிஞ்சிடணும், அப்ப பேர் வைக்கலன்னாலும் 12 மாசம் வரைக்கும் கட்டணம் இல்லாம பேரைச் சேர்க்கலாம், அதுக்கப்புறம் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஸ்கூல்ல, ஆதார்ல எல்லாம் அதே ஸ்பெல்லிங்தான் இருக்கணும், ஒரு எழுத்து கூடக் குறைய இருந்தாலும் பின்னாடி அலைய விட்டுடுவாங்க. தனியா பிள்ளை வளர்க்கிற அம்மாக்கள் பயப்பட வேண்டாம், 2016 டிசம்பர்ல வந்த மாற்றத்துக்கு அப்புறம் பாஸ்போர்ட்டுக்கு அப்பா, அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் பேர் இருந்தாலே போதும்.

ஏற்கனவே ஒத்தைப் பேர்ல பாஸ்போர்ட் எடுத்தவங்க ரீ-இஷ்யூ போட்டு பேரைப் பிரிச்சுக்கலாம், ஆதாரும் சர்டிபிகேட்டும் புதுப் பேரோட ஒத்துப்போகுதான்னு பாத்துட்டு போங்க. டிக்கெட் போட்ட பிறகு இந்த வேலையை ஆரம்பிக்காதீங்க.