மாதம் 37,000 ரூபாய் எந்த மேசையில் நிற்கிறது?

எங்கள் துறையில் ஒரு பெண்ணுக்கு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. கிராமத்துப் பெண், கிராமத்தைப் பற்றித்தான் ஆய்வும். துறை முழுக்க இனிப்பு கொடுத்தாள். முதல் மாதப் பணம் கைக்கு வரப் பதினோரு மாதம் ஆனது. அதுவரை அவள் அம்மாவின் சங்கிலி அடகுக் கடையில் இருந்தது. விதிப்படி அவள் செய்தது எதுவும் தப்பில்லை. யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியாததுதான் குறை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யு.ஜி.சி. என்ற பல்கலைக்கழக மானியக் குழு தரும் ஆய்வு உதவித்தொகை இது. அதிகபட்சம் 5 வருடம். முதல் 2 வருடம் மாதம் 37,000, பிறகு எஸ்.ஆர்.எஃப். (மூத்த ஆய்வாளர் உதவித்தொகை) என்ற பெயரில் 42,000. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகைதான். விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப் படி தனி. கலை, சமூக அறிவியல் மாணவர்களுக்குக் கன்டின்ஜென்சி என்ற சில்லறைச் செலவுத் தொகை முதல் 2 வருடம் ஆண்டுக்கு 10,000, அப்புறம் 20,500.

வினை விண்ணப்பப் படிவத்திலேயே தொடங்குகிறது. நெட் பட்டியலில் ஊரக சமூகவியல் என்று தனிப் பாடம் கிடையாது. எம்.ஏ. ஊரக வளர்ச்சி படித்தவர்கள் சமூகவியலிலோ சமூகப் பணியிலோ எழுதுகிறார்கள். பிறகு பிஎச்.டி. சேரப் போனால், "உங்க பி.ஜி. வேற, எங்க துறை வேற" என்று கைவிரிக்கிறார்கள். எங்கே சேர நினைக்கிறீர்களோ அந்தத் துறைக்குத் தேர்வுக்கு முன்பே ஒரு மின்னஞ்சல் போட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னவர் அடுத்த வருடம் துறைத் தலைவராக இருக்க மாட்டார்.

பொதுப் பிரிவுக்கு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். 54.8 என்பது 55 ஆகாது. முழுமையாக்கிக் கணக்கிடுவது இங்கே செல்லாது.

அதிகம் பேர் விழும் குழி ஓ.பி.சி. சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மாநில அரசின் தேவைக்கானது. நெட்டுக்கு மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதியான பிரிவு) இல்லை என்று எழுதிய தனிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் கேட்டால், "உங்கிட்டதான் கம்யூனிட்டி இருக்கேம்மா, அப்புறம் எதுக்கு?" என்பார்கள். விடாதீர்கள். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அங்கே இருப்பதில்லை.

அடுத்து வருமானம். வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். ஆனால் இந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இதைத் தாலுகா அலுவலகத்தில் சொன்னால் ஏதோ மோசடிக்கு வந்தவரைப் போலப் பார்க்கிறார்கள். அப்பா இடைநிலை ஆசிரியர், சம்பளம் 8 லட்சத்தைத் தாண்டுகிறது, கூட ரெண்டு ஏக்கர் நெல் என்றால், இரண்டையும் கூட்டி "கிரீமி லேயர்" என்று திருப்பி அனுப்பிய சம்பவம் எனக்கே தெரியும். மத்தியப் பணியாளர் துறையின் 1993 செப்டம்பர் 8 தேதியிட்ட ஆணையை அச்செடுத்து, சம்பளமும் விவசாயமும் விலக்கு என்ற இடத்தில் கோடு போட்டு, மனுவோடு இணையுங்கள். (பெற்றோர் குரூப் ஏ, குரூப் பி அதிகாரிகள் என்றால் பதவியே கணக்கு, அது வேறு.) கல்யாணமான பெண்களிடம் கணவரின் வருமானச் சான்று கேட்பதும் நடக்கிறது. பெற்றோரின் நிலையைத்தான் பார்க்க வேண்டும், கணவருடையதை அல்ல. வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று கோப்பு ஏறி இறங்கும் நாட்களைக் கணக்கில் வைத்து, தேர்வு அறிவிப்புக்குக் காத்திராமல் இப்போதே விண்ணப்பியுங்கள்.

முடிவு வந்ததும் மதிப்பெண் அட்டையைக் கவனமாகப் படியுங்கள். 2024 ஜூன் தேர்விலிருந்து தேர்ச்சி மூன்று வகை. "பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்" என்று இருந்தால் பணம் கிடையாது. அந்த மதிப்பெண்ணும் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். இது தெரியாமல் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு.

ஜே.ஆர்.எஃப். அவார்டு லெட்டருக்கு ஆயுள் 3 வருடம். நிறைய மாதிரித் தோன்றும், கைடு தேடியே பாதி கரையும். ஒரு பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேருக்குத்தான் வழிகாட்டலாம். ஓய்வு பெற 3 வருடத்துக்குள் இருப்பவர் புதிதாக ஆளே எடுக்க முடியாது. பிடித்த பேராசிரியரைப் பார்க்கப் போகும்போது, "சார், உங்ககிட்ட எத்தனை ஸ்லாட் காலி?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஏற்கெனவே பிஎச்.டி. சேர்ந்த பிறகு ஜே.ஆர்.எஃப். வாங்கினால், நெட் முடிவு வந்த நாளிலிருந்துதான் பணம். சேர்ந்த நாளிலிருந்து அரியர் கேட்டு அலைய வேண்டாம்.

இப்போது அந்தப் பதினோரு மாதக் கதை. பணம் வருவது வங்கித் தளம் வழியாக. பல்கலைக்கழகத்தில் "மேக்கர்" என்று ஒருவர் உங்கள் விவரத்தை ஏற்றுவார், "செக்கர்" என்று இன்னொருவர் சரிபார்த்து அனுப்புவார். இது ஒரு தடவையோடு முடிவதில்லை, மாதாமாதம் உறுதிசெய்ய வேண்டும். எங்கள் பெண்ணுக்கு ஜாயினிங் ரிப்போர்ட் ஏறியிருந்தது, செக்கர் மாற்றலாகிப் போய்விட்டார், புதியவருக்குக் கடவுச்சொல் வரவில்லை. "போட்டாச்சும்மா, டெல்லியில இருந்து வரணும்" என்றே பத்து மாதம் சொன்னார்கள். டெல்லிக்கு அது போகவே இல்லை. ஆகவே "போட்டாச்சா" என்று கேட்காதீர்கள். மேக்கர் எந்தத் தேதியில் போட்டார், செக்கர் எந்தத் தேதியில் அனுப்பினார் என்று இரண்டு தேதி கேளுங்கள். தேதி சொல்ல மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் என்றாலும், மனு போன வாரத்திலேயே கடவுச்சொல் கிடைத்துவிடும் அதிசயத்தை நான் பார்த்திருக்கிறேன்.

2 வருடம் முடிந்ததும் எஸ்.ஆர்.எஃப். தானாக ஏறாது. கைடு, துறைத் தலைவர், வெளியிலிருந்து ஒரு நிபுணர் என்று மூவர் கமிட்டி கூடி எழுதிக் கொடுக்க வேண்டும். தேதியை நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டும். 21-ஆம் மாதமே கடிதம் கொடுங்கள். தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் 5,000 நிலுவையில் நிற்கும்.

களப்பணிக்குப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு தொல்லை. விடுதி அறை கொடுத்து நீங்கள் மறுத்தால் வாடகைப் படி போய்விடும். ஊரில் தங்கி ஆய்வு செய்கிறேன் என்பது காரணமாகாது. விடுப்போ ஆண்டுக்கு 30 நாள்தான். ஆறு மாதம் கிராமத்தில் இருந்தவரைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டு உதவித்தொகையை நிறுத்தியிருக்கிறார்கள். 1916-இல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் சென்னைப் பல்கலைக்கழக மாணவர்களை இருவேல்பட்டு போன்ற ஊர்களை ஆராய வைத்தபோது வருகைப் பதிவேட்டை யார் பார்த்தார்களோ! கிளம்பும் முன், ஊர் பெயர், தேதி எல்லாம் போட்டு கைடு, துறைத் தலைவர் கையெழுத்தோடு களப்பணி அனுமதி வாங்கி, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான சீலும் தேதியும் வாங்கிவிடுங்கள்.

களப்பயணச் செலவைக் கன்டின்ஜென்சியில் கேட்கலாம், ஆனால் பில் வேண்டும். ஷேர் ஆட்டோக்காரர் பில் தர மாட்டார். வவுச்சரில் தேதி, எங்கிருந்து எங்கே என்று எழுதி அவர் கையெழுத்தை வாங்கி, அதை ஏற்பார்களா என்று கணக்குப் பிரிவில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மெஷினில் அடித்துத் தரும் பஸ் டிக்கெட்டை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். மார்ச்சில் கணக்கு முடிக்கப் போகும்போது அதில் ஒரு எழுத்தும் இருக்காது.