களைத்த மூளை எதை மன்னிக்கும்?

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாபநாசம் போகும் பஸ்ஸில் கண்டக்டரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். யார் எங்கே ஏறினார், யாருக்கு அம்பாசமுத்திரம், எந்த டிக்கெட்டின் பின்னால் எவ்வளவு மீதி எழுதிக் கொடுத்தோம், எல்லாம் தலையில் இருக்க வேண்டும். நடுவில் படிக்கட்டில் தொங்கும் பையன்களை "உள்ள வா டே" என்று அதட்டவும் வேண்டும்.

கடைசி டிரிப்பில் ஒருவர் பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறார். காலையில் என்றால் ஒரு பாட்டம் திட்டு விழுந்திருக்கும். இப்போதோ, "சரி, இறங்கும்போது வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி" என்று நகர்ந்துவிடுகிறார். அடுத்த ஆள், "என்ன வே, மீதிய அமுக்கப் பாக்கீரா?" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கேட்கிறார். அது மட்டும் வீடுவரை கூட வரும்.

களைத்தவர் எதையும் மன்னிக்கமாட்டார் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். சின்ன விஷயங்களில் இது தலைகீழாகவும் நடக்கலாம். 2012இல் ஸ்டாண்டன், ஃபிங்கல் என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வில், மனம் சோர்ந்தவர்கள் தங்கள் துணையின் சிறு தவறுகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே! என்னைக் கேட்டால் இதை மன்னிப்பு என்றே சொல்லமாட்டேன். விட்டுத்தொலைப்பது, அவ்வளவுதான்.

பெரிய காயம் வேறு. அதை மன்னிக்க, நடந்ததையே அசைபோடும் மனதை இழுத்துப் பிடிக்க வேண்டும். கவனத்தைக் கட்டுப்படுத்தும் திறன் கூடியவர்கள் அப்படி அசைபோடுவது குறைவு, அதனால் எளிதாக மன்னிக்கிறார்கள் என்று 2010இல் ப்ராங்க், கர்ரெமன்ஸ் உள்ளிட்ட நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தக் கடிவாளம் இருப்பது நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் பகுதியில். 2022இல் பாரிஸில், 6 மணி நேரத்துக்கும் மேல் கடினமான மனவேலை செய்தவர்களின் அந்தப் பகுதியை ஸ்கேன் செய்தபோது, குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் அதிகம் சேர்ந்திருந்தது. எளிய வேலை செய்தவர்களிடம் அப்படி இல்லை. களைத்தவர்கள், பொறுத்திருந்தால் கிடைக்கும் பெரிய தொகையை விட்டு, உடனே வரும் சிறிய தொகையின் பக்கம் சாய்ந்தார்கள்.

தூக்கமும் கெட்டால் கேட்கவே வேண்டாம். ஏறத்தாழ 35 மணி நேரம் விழித்திருந்தவர்களுக்கு மனதை உலுக்கும் படங்களைக் காட்டியபோது, அச்சத்தையும் கோபத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி 60 சதவீதம் கூடுதலாகத் துடித்தது. முன்மூளையோடு அதற்கிருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. இது 2007ஆம் ஆண்டு ஆய்வு.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனவலிமை செலவழியச் செலவழியத் தீர்ந்துபோகும் என்ற கொள்கை 1998இல் உளவியலாளர் பாமைஸ்டர் குழுவின் சோதனையால் பிரபலமானது. சாக்லேட்டைத் தொடாமல் முள்ளங்கி தின்றவர்கள், புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்களாம். 2016இல் 23 ஆய்வகங்கள் 2,000 பேருக்கு மேல் வைத்து அந்தக் கொள்கையைச் சோதித்தபோது விளைவு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. 2012 ஆய்வும் அதே கொள்கையில் நிற்பதால், அதை முடிந்த முடிவாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பாரிஸ் ஆய்வில் நாள் முழுக்க வேலை வாங்கிய பிறகுதான் அளந்தார்கள். ஆனால் அங்கே அளந்தது பணம் பற்றிய பொறுமையைத்தான், மன்னிப்பை யாரும் அளக்கவில்லை.