கெட்ட ரத்தம் என்று ஒன்று இல்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் போன மாதம் ரத்ததான முகாம் நடந்தது. என் கையிலிருந்து குழாய் வழியே இறங்கிய ரத்தம், மெல்ல ஆடிக்கொண்டிருந்த தட்டின் மேல் கிடந்த பையில் நாவல்பழச் சாறு போலக் கறுத்துச் சேர்ந்தது. பக்கத்தில் நின்ற பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "கெட்ட ரத்தம் போகட்டும் தம்பி, உடம்புக்கு நல்லது" என்றார். அவர் கையைப் பிடித்திருந்த பேத்தி உடனே கேட்டாள்: "அப்படியானால் நல்ல ரத்தம் எங்கே இருக்கிறது, மாமா?"

அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரத்தத்தின் சிவப்பணு ஒன்றில், பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் மூலக்கூறுகள் சுமார் 27 கோடி உண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள். அவையே பிராணவாயு உட்காரும் நான்கு இருக்கைகள். இருக்கை நிறைந்தால் ரத்தம் பளிச்சென்று சிவக்கும், காலியாகக் காலியாகக் கறுக்கும். கறுத்த ரத்தத்தைக் காற்றோடு குலுக்கினாலே சிவந்துவிடுகிறது என்று இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்ட் லோயர் 1669-இலேயே காட்டிவிட்டார். நாம் சும்மா இருக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இருக்கைகள் நிறைந்தேதான் இருக்கின்றன. இதைப் போய் 'அசுத்த ரத்தம்' என்று நம் பாடநூல்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

பிராணவாயுவை எங்கே இறக்க வேண்டும் என்று ஹீமோகுளோபினுக்கு யார் சொல்கிறார்கள்? டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்குச் சுமார் 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் நெடுந்தொலைவுப் பந்தயத்தின் ஓட்டக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பெரிய மேடான பாலி ஷார்ட்ஸில் அவர் தொடைத் தசை உலையாகக் கொதிக்கிறது. அங்கிருந்து பெருகும் கரியமில வாயு சிவப்பணுவுக்குள் நுழைந்ததும், கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி அதைத் தண்ணீரோடு சேர்க்கிறது. நொதியின் ஒரு மூலக்கூறு நொடிக்குப் பத்து லட்சம் முறை வரை இந்த வேலையைச் செய்ய வல்லது! தசைக்குள் ஓடும் மயிரிழை போன்ற ரத்தக் குழாயான தந்துகியைக் கடக்க ரத்தத்துக்குக் கிடைப்பதோ ஒரு நொடிக்கும் குறைவான நேரம். இந்த நொதி இல்லாவிட்டால் காரியம் நடக்காது. விளைவது பைகார்பனேட்டும் அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனியும். பைகார்பனேட் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் இறங்கிவிடுகிறது; கரியமில வாயுவில் சுமார் 70 சதவீதம் பயணம் செய்வது இந்த வேடத்தில்தான். ஹைட்ரஜன் அயனி ஹீமோகுளோபினின் மேலேயே போய் ஒட்டுகிறது. ஒட்டியதும் அந்த மூலக்கூறு உருவம் மாறி, பிராணவாயுவின் மேல் வைத்த பிடியைத் தளர்த்துகிறது. தசையின் சூடும் அதே பக்கம்தான் தள்ளுகிறது.

எங்கே கழிவு மிகுதியோ அங்கே பிராணவாயு தானாகவே மிகுதியாக இறங்குகிறது. முகவரி எழுதித் தர ஆள் வேண்டியதில்லை. 1904-இல் இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர், இயற்பியலாளர் நீல்ஸ் போரின் தந்தை. பாட்டி 'கெட்டது' என்று நினைக்கும் கரியமில வாயு இல்லாவிட்டால், ஓடுகிறவரின் தொடைக்கு இத்தனை பிராணவாயு கிடைக்காது.

நுரையீரலில் எல்லாம் தலைகீழ். பிராணவாயு வந்து உட்கார்ந்ததும் ஹைட்ரஜன் அயனி கழன்று பைகார்பனேட்டோடு மறுபடி சேர, கரியமில வாயு பிறந்து மூச்சோடு வெளியேறுகிறது.

ஹீமோகுளோபினின் வடிவத்தைக் கண்டுபிடிக்க விஞ்ஞானி மாக்ஸ் பெருட்ஸ் 1937-இல் இறங்கினார். விடை கிடைக்க 22 ஆண்டுகள் பிடித்தன. 1962-இல் நோபல் பரிசு. மூன்று ஆண்டுக்குள் பயன் காட்டு என்று கேட்கும் இன்றைய நிதிக் குழுக்கள் அவரைப் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பேத்திக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ பார்த்த அந்தப் பையில் உள்ள சிவப்பணுக்கள் யாரோ ஒருவரின் கைச் சிரையில் ஏறும். அங்கிருந்து இதயத்தின் வலப்பக்கம், அடுத்து நேரே நுரையீரல். அவர் இழுக்கும் ஒரு மூச்சில் அந்த நாவல்பழ நிறம் செம்பருத்தியாகிவிடும்.