முட்செதில் ஓணான்: ஒரு சொல் விளக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்து பனாமா வரை வாழும் ஒரு ஊர்வன வகைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்பைனி லிசார்ட்' என்று ஒரு பெயர். அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தானாக 'முள் பல்லி' என்று எழுதிவிடும். ஸ்பைனி என்றால் முள் உள்ளது, லிசார்ட் என்றால் பல்லி; அகராதியைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் விலங்கைப் பார்த்தால் இரண்டு சொல்லும் பொருந்தவில்லை என்றே எனக்குப் படுகிறது.

முள்ளை முதலில் எடுத்துக்கொள்வோம். முள்ளம்பன்றிக்கு இருப்பதுபோல் இதன் உடம்பில் தனியாக முள் எதுவும் முளைப்பதில்லை. இருப்பவை செதில்கள்தான். முதுகுச் செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் நீளவாக்கில் ஒரு முகடு ஓடுகிறது. பின்பக்கம் அது கூராக நீண்டு, அடுத்த செதிலின் மேல் படிகிறது. கூரை ஓடு வேய்ந்த மாதிரி வரிசை வரிசையாக இப்படி அடுக்கியிருக்கும். தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் ஒன்றும் தெரியாது, எதிர்த்திசையில் தடவினால் சொரசொரவென்று குத்தும். ஆகவே 'முள்' என்று விடுவதைவிட 'முட்செதில்' என்பது சரி.

அடுத்தது பல்லி. ஆங்கிலத்துக்கு லிசார்ட் என்ற ஒரே குடை போதும். தமிழ் அப்படியில்லை. பல்லி, ஓணான், அரணை, உடும்பு, பச்சோந்தி என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறோம். பல்லி என்றதும் மனதில் வருவது சுவரில் ஒட்டிக்கொண்டு இரவில் பூச்சி பிடிக்கும், கண்ணை மூடத் தெரியாத, மென்தோல் பிராணி. நாம் பேசும் விலங்கோ பகலில் பாறைமேலும் மரத்திலும் வேலிக்கட்டையிலும் வெயில் காய்வது, கண்ணிமை உள்ளது, இன்னொரு ஆண் எதிரில் வந்தால் முன்காலை ஊன்றித் தண்டால் எடுப்பது. இதைப் பார்க்கும் யாரும் ஓணான் என்றுதான் சொல்வார்கள்.

அறிவியல் வகைப்பாடும் அந்தப் பக்கமே சாய்கிறது. வீட்டுப் பல்லி கெக்கோட்டா என்ற பிரிவில் சேரும். நம் ஓணானும் இந்த முட்செதில் விலங்கும் இகுவானியா என்ற பிரிவில் சேரும். குடும்பம் மட்டும் வேறு: ஓணான் அகாமிடே, இது ஃபிரைனோசொமாட்டிடே. ஒரே குடும்பம் இல்லாதபோது ஓணான் என்று அழைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஓணான் என்பது வழக்குச் சொல். எந்தக் குடும்பத்துக்கும் அதைப் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. பங்காளி பெயரையே வைக்கக்கூடாது என்றால், தூரத்து உறவான பல்லியின் பெயரை வைப்பது எப்படிச் சரியாகும்?

இதன் பேரினப் பெயர், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களைச் சேர்த்து வைக்கும் பிரிவின் பெயர், ஸ்கெலோபோரஸ். 1828இல் வீக்மன் என்ற ஜெர்மன் விலங்கியலாளர் வைத்தது. கிரேக்கத்தில் ஸ்கெலோஸ் என்றால் கால், போரோஸ் என்றால் துளை. தொடையின் அடிப்பக்கத்தில் வரிசையாக உள்ள சிறு துளைகளை வைத்து வந்த பெயர். அவற்றிலிருந்து மெழுகு போன்ற ஒரு பொருள் கசியும். இடத்தில் மணம் பதிக்க அது உதவுகிறது. வேடிக்கை என்னவென்றால், உலகமே முள்ளைப் பார்க்க, பெயர் வைத்தவர் தொடையைப் பார்த்திருக்கிறார். அதை அப்படியே தமிழாக்கினால் 'தொடைத்துளையி' என்று வரும். இலக்கணம் இடம் கொடுக்கும், காது கொடுக்காது. அதோடு, இத்தகைய துளைகள் வேறு பல ஓணான், பல்லி வகைகளுக்கும் உண்டு என்பதால் அடையாளமாகவும் நிற்காது. பேரினத்தை ஸ்கெலோபோரஸ் என்றே எழுதிவிடலாம்.

இந்தப் பேரினத்தில் ஏறத்தாழ நூறு இனங்கள் இருக்கின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்து பனாமா வரை பரவியிருந்தாலும், மிக அதிக வகைகள் மெக்சிகோவில்தான். பாலைவனம், ஊசியிலைக் காடு, குளிர்ந்த மலை உச்சி என எல்லா இடத்திலும் ஒன்று இருக்கும். சில முட்டையிடும், சில குட்டி போடும்; குட்டி போடும் பழக்கம் இந்த ஒரே பேரினத்துக்குள் தனித்தனியாகப் பல முறை தோன்றியிருக்கிறது. குரோமோசோம் எண்ணிக்கைகூட இனத்துக்கு இனம் 22இலிருந்து 46 வரை மாறுகிறது. ஒரே பேரினத்துக்குள் இவ்வளவு வேறுபாடு அபூர்வம்.

அதனால் வகைப்பாட்டில் சண்டை ஓய்ந்ததேயில்லை. 1989 வரை இவை இகுவானாக்களோடு ஒரே பெரிய குடும்பத்தில் கிடந்தன. அந்த ஆண்டு ஃப்ராஸ்ட், எதரிட்ஜ் என்ற இரு விலங்கியலாளர்கள் அக்குடும்பத்தைப் பல குடும்பங்களாகப் பிரித்தார்கள். ஸ்கெலோபோரஸ் அண்டுலேட்டஸ் என்ற இனத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். பரந்த நிலப்பரப்பில் நிறத்தையும் உடம்பிலுள்ள கோடுகளையும் பார்த்து அதைப் பல துணையினங்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். 2002இல் மரபணுவை ஒப்பிட்டபோது, அந்தத் துணையின எல்லைகளுக்கும் உண்மையான உறவு வரிசைக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தது. ஒரே மாதிரி இடத்தில் வாழ்ந்தவை ஒரே மாதிரி உருவம் எடுத்திருந்தன, அவ்வளவுதான். அந்த ஒன்று நான்கு இனங்களாக ஆனது.

இந்த அண்டுலேட்டஸுக்கு ஆங்கிலத்தில் 'ஃபென்ஸ் லிசார்ட்' என்று பெயர். வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி என்று சொல்லும் மொழியில் இதற்குப் பெயர் தேட வேண்டியதே இல்லை: வேலி ஓணான்.

ஓணானின் பழைய பெயர் ஓதி, ஓந்தி. குறுந்தொகை 140ஆம் பாட்டில் 'வேதின வெரிநின் ஓதிமுது போத்து' என்று வருகிறது. வேதினம் என்பது பல் வைத்த கருக்கரிவாள், வெரிந் என்பது முதுகு, போத்து என்றால் ஆண். கருக்கரிவாள் போன்ற முதுகுடைய கிழட்டு ஆண் ஓணான்! செதிலின் கூர்மையைப் பார்த்துப் பெயர் சொல்லும் கண் நமக்கு அன்றே இருந்திருக்கிறது.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில் வாழும் சலியா என்ற பேரினத்தையும் ஆங்கிலத்தில் 'ஸ்பைனி லிசார்ட்' என்கிறார்கள். அது அகாமிடே குடும்பம், ஸ்கெலோபோரஸுக்கும் அதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஆங்கிலத்தை அப்படியே மொழிபெயர்த்தால் இரண்டும் 'முள் பல்லி' ஆகிவிடும். அதனால் ஸ்கெலோபோரஸை மட்டும் முட்செதில் ஓணான் என்று எழுதி, சலியாவை நீலகிரி ஓணான், ஆனைமலை ஓணான் என்று மலைப்பெயர் சேர்த்து எழுதிவிட்டால் ஒன்றோடொன்று குழம்பாது.