கலிஃபோர்னியா திறந்துவிட்டது: 2021 செப்டம்பர் 30-க்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

(2021 ஆகஸ்ட் நிலவரம். இதில் வரும் "இப்போது" அந்த மாதத்தையே குறிக்கும். இதில் சொல்லப்படும் கொரோனா கால விதிகளும் உதவிகளும் கெடுக்களும் அந்த ஆண்டுக்கானவை, இன்று நடப்பில் இல்லை.)

கொரோனா பரவலைப் பொறுத்துக் கவுண்டிகளுக்கு (மாவட்டங்களுக்கு) கட்டுப்பாடு விதித்த வண்ண அடுக்கு முறையைக் கலிஃபோர்னியா ஜூன் 15-ஆம் தேதி கைவிட்டது. அதன்பின் பல சட்டமன்ற உறுப்பினர்களும் மாநில செனட்டர்களும் தொகுதி மக்களுக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பியிருக்கிறார்கள். "மாநிலம் திறந்துவிட்டது, உதவித் திட்டங்கள் தொடர்கின்றன" என்பதுதான் அவற்றின் சாரம். இரண்டும் உண்மை. ஆனால் எந்த உதவியும் தானாக வீடு தேடி வராது. பெரும்பாலானவற்றுக்கு ஒரு படிவமும் ஒரு கெடுவும் உண்டு. வாடகை, சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு ஆகிய இரண்டு முக்கியமான பாதுகாப்புகள் செப்டம்பர் 30 அன்று முடிகின்றன. மத்திய அரசின் கூடுதல் வேலையின்மைத் தொகை அதற்கும் முன்பே, செப்டம்பர் 4-ஆம் தேதியே நின்றுவிடும்.

முதலில் முகக்கவசம். மாநிலம் வைப்பது குறைந்தபட்ச விதி. கவுண்டி அதைவிடக் கடுமையாக்கலாம், தளர்த்த முடியாது. மாநில விதிப்படி, தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்டவர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் முகக்கவசம் கட்டாயமில்லை. பேருந்து, ரயில், விமானம், பள்ளிக் கட்டடத்தின் உட்புறம், மருத்துவமனை, ஆதரவற்றோர் தங்குமிடம், சிறை ஆகிய இடங்களில் மட்டும் எல்லோருக்கும் கட்டாயம். தடுப்பூசி போடாதவர்கள் பொதுமக்கள் கூடும் எல்லா உள்ளிடங்களிலும் அணிய வேண்டும். டெல்டா வகை பரவியதால் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி ஜூலை நடுவில் உள்ளிட முகக்கவசத்தை அனைவருக்கும் மீண்டும் கட்டாயமாக்கியது. ஆகஸ்ட் 3 முதல் சாண்டா கிளாரா, அலமேடா, சான் மாத்தேயோ, சான் ஃபிரான்சிஸ்கோ உள்ளிட்ட சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக் கவுண்டிகளிலும் அதே விதி. ஆகவே அங்குள்ள சான் ஹோசேயிலோ ஃப்ரீமாண்டிலோ வசிப்பவர்கள் சட்டமன்ற உறுப்பினரின் ஜூன் மாதக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் வாதாடுவதில் பயனில்லை.

இந்தியாவில் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. உலக சுகாதார அமைப்பின் அவசரகாலப் பட்டியலில் உள்ள தடுப்பூசிகள் இங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கோவிஷீல்டு அந்தப் பட்டியலில் உண்டு. கோவேக்சின் 2021 ஆகஸ்டில் அதில் இல்லை.

இனி வாடகை. குழப்பமும் இழப்பும் அதிகம் நடப்பது இதில்தான். ஜூன் 28 அன்று கையெழுத்தான ஏபி 832 சட்டத்தில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, வீட்டைக் காலி செய்ய வைப்பதிலிருந்து பாதுகாப்பு. மற்றொன்று, பாக்கி வாடகையை அரசே கட்டும் உதவி. ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றதும் சேர்ந்து கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

பாதுகாப்பு இப்படி இயங்குகிறது. வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் 15 நாள் நோட்டீஸ் கொடுக்கிறார் என்று வையுங்கள். அதனுடன் ஓர் உறுதிமொழிப் படிவத்தையும் அவர் இணைத்தாக வேண்டும். கொரோனாவால் வருமானம் குறைந்தது அல்லது செலவு கூடியது என்று அதில் கையெழுத்திட்டு, சனி, ஞாயிறு, நீதிமன்ற விடுமுறைகள் நீங்கலாக 15 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு நோட்டீஸுக்குக் கொடுத்த உறுதிமொழி அடுத்த நோட்டீஸுக்குச் செல்லாது. ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும். "போன தடவையே கொடுத்துவிட்டோமே" என்று சும்மா இருந்துவிட்டு நீதிமன்றப் படி ஏறியவர்கள் உண்டு. கையில் கொடுத்தால் ஒரு படம் எடுத்து வையுங்கள். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான பாக்கிக்கு இந்த உறுதிமொழி மட்டும் போதும். 2020 செப்டம்பர் முதல் 2021 செப்டம்பர் வரையிலான பாக்கிக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: நோட்டீஸ் வந்து உறுதிமொழி கொடுத்த மாதங்களின் வாடகையில் 25 சதவீதத்தைச் செப்டம்பர் 30-க்குள் கட்ட வேண்டும். மாதம் 2,200 டாலர் வாடகை, ஐந்து மாதம் பாக்கி என்றால் மொத்தம் 11,000 டாலர். கட்ட வேண்டியது 2,750 டாலர். மாதாமாதம் பிரித்தும் கட்டலாம், கடைசியில் மொத்தமாகவும் கட்டலாம். கட்டிவிட்டால் அந்த மாதங்களின் பாக்கிக்காக உங்களை வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது. மீதி 75 சதவீதம் தள்ளுபடி ஆகிவிடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அது கடனாகவே நிற்கும். நவம்பர் 1 முதல் வீட்டுக்காரர் சிறுவழக்கு நீதிமன்றத்தில் அதைக் கேட்டு வழக்குப் போடலாம்.

தொழில்நுட்பத் துறையில் வேலை பார்க்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது: குடும்ப வருமானம் கவுண்டி நடுத்தர வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் ஈட்டும் அளவு) 130 சதவீதத்துக்கு மேல் இருந்து, ஒரு லட்சம் டாலரையும் தாண்டினால், உறுதிமொழியோடு சான்றாவணமும் கொடுக்கும்படி வீட்டுக்காரர் கேட்கலாம். உங்கள் வருமானச் சான்று அவரிடம் ஏற்கெனவே இருந்தால்தான் அப்படிக் கேட்க முடியும். வேலை போன கடிதம், சம்பளம் குறைந்ததைக் காட்டும் பே ஸ்டப் போன்றவை போதும்.

அடுத்தது பண உதவி. 2020 ஏப்ரல் 1 முதல் சேர்ந்த பாக்கி வாடகையில் 100 சதவீதத்தையும் அரசு கட்டும். முன்பு இது 80 சதவீதமாக இருந்தது. மீதி 20-ஐ விட்டுக்கொடுக்க வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டியிருந்தது. பல விண்ணப்பங்கள் அதில்தான் முட்டி நின்றன. அப்போது வீட்டுக்காரர் மறுத்ததால் கைவிட்டவர்கள் இப்போது மறுபடியும் விண்ணப்பிக்கலாம். மின்சாரம், தண்ணீர் முதலிய கட்டண பாக்கியும் இதில் சேரும். குடும்ப வருமானம் பகுதி நடுத்தர வருமானத்தில் 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வளைகுடாப் பகுதியில் நடுத்தர வருமானமே உயரம் என்பதால், "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று நீங்களாகவே முடிவு கட்டாமல் உங்கள் கவுண்டியின் அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். குடும்பத்தில் ஆள் கூடக்கூட வரம்பும் கூடும்.

விண்ணப்பம் "ஹவுசிங் இஸ் கீ" என்ற மாநில இணையதளத்தில். சாக்ரமெண்டோ, சான் டியேகோ போன்ற சில நகரங்கள் தாங்களே தனித் திட்டம் நடத்துகின்றன. அங்கே வசிப்பவர்கள் நகரத்தின் பக்கத்துக்குப் போக வேண்டும். தவறான தளத்தில் விண்ணப்பித்தால் வாரங்கள் வீணாகும். அடையாள அட்டை, குத்தகை ஒப்பந்தம், எவ்வளவு பாக்கி என்பதற்கான நோட்டீஸ் அல்லது கணக்கு, 2020 வரிப் படிவம் அல்லது அண்மைய மாத வருமானச் சான்று ஆகியவை தேவை. எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் அறையைப் பகிர்ந்து குடியிருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. அந்த முகவரிக்கு வந்த மின் கட்டண பில்லும், மாதாமாதம் வாடகை அனுப்பியதைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையும் சான்றாக நிற்கும்.

விண்ணப்பம் தடைபடுவதற்குப் பெரிய காரணம், குடியிருப்பவர் சொல்லும் பாக்கியும் வீட்டுக்காரர் சொல்லும் பாக்கியும் ஒத்துப்போகாததுதான். தாமதக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம் என்று அவர் ஒரு கணக்குப் போட்டிருப்பார். நீங்கள் வாடகையை மட்டும் எழுதியிருப்பீர்கள். விண்ணப்பிக்கும் முன்பே இருவரும் மாத வாரியாக உட்கார்ந்து சரிபார்த்துவிடுவது நல்லது. பெயரும் அப்படியே. தந்தை பெயரை முன்னே ஓர் ஆவணத்திலும் பின்னே இன்னோர் ஆவணத்திலும் வைத்திருக்கும் தமிழர்கள், குத்தகை ஒப்பந்தத்தில் உள்ளபடியே விண்ணப்பத்திலும் எழுத வேண்டும்.

வீட்டுக்காரர் ஒத்துழைக்க மறுத்தாலும் விண்ணப்பம் செத்துவிடாது. பணம் நேரடியாக உங்களுக்கு வரும். வந்த 15 வேலை நாட்களுக்குள் அதை அவரிடம் கட்டிவிட வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம் சேரலாம். அக்டோபர் 1-க்குப் பிறகும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. கொரோனா கால வாடகை பாக்கிக்காக வெளியேற்ற வழக்குப் போட நினைக்கும் வீட்டுக்காரர், முதலில் இந்த உதவிக்குத் தானே விண்ணப்பித்துப் பார்த்திருக்க வேண்டும். அதனால் செப்டம்பர் 30 தாண்டிவிட்டதே என்று விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

மாநில அரசு தரும் கோல்டன் ஸ்டேட் ஊக்கத்தொகையைப் பற்றிக் கேட்காதவர் குறைவு. ஜூலையில் கையெழுத்தான இரண்டாம் கட்டத்துக்குத் தனி விண்ணப்பம் கிடையாது. 2020-க்கான மாநில வரிப் படிவத்தை அக்டோபர் 15-க்குள் தாக்கல் செய்வதே விண்ணப்பம். 540 என்ற அந்தப் படிவத்தின் 17-ஆவது வரிசையில் உள்ள தொகை (சரிக்கட்டிய மொத்த வருமானம்) 1 டாலர் முதல் 75,000 டாலருக்குள் இருக்க வேண்டும். சம்பளமும் 75,000-ஐத் தாண்டக் கூடாது. 2020-இல் பாதி ஆண்டுக்கு மேல் கலிஃபோர்னியாவில் வசித்திருக்க வேண்டும். பணம் அனுப்பப்படும் நாளிலும் இங்கே இருக்க வேண்டும். முதல் கட்டத்தில் எதுவும் பெறாதவர்களுக்கு 600 டாலர். சார்ந்திருக்கும் பிள்ளைகள் இருந்தால் மேலும் 500. முதல் கட்டத்தில் பெற்றவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் 500 டாலர். சமூகப் பாதுகாப்பு எண் பெற முடியாதவர்களுக்கு வரித்துறை தரும் ஐடின் எண்ணில் வரி கட்டுபவர்களாக இருந்தால் 1,000. தொகை ஒரு வரிப் படிவத்துக்கு ஒன்றுதான். கணவனும் மனைவியும் சேர்ந்து தாக்கல் செய்தால் இரண்டு 600 வராது. பிள்ளைகள் மூவர் இருந்தாலும் 500 ஒரு தடவைதான்.

இதில் பலர் எதிர்பாராத ஒரு சிக்கல் உண்டு. வேலையின்மைத் தொகைக்குக் கலிஃபோர்னியா மாநில வரி கிடையாது. ஆகவே 2020 முழுக்க அதை மட்டுமே நம்பி வாழ்ந்தவரின் 17-ஆவது வரிசையில் பூஜ்யம்தான் இருக்கும். பூஜ்யத்துக்கு ஊக்கத்தொகை இல்லை. மிகவும் அடிபட்டவர்களையே விட்டுவிடும் விதி இது, எங்கள் பார்வையில் பெரிய குறை. ஓரிரு வாரம் வேலை பார்த்த சம்பளமோ வங்கி வட்டியோ உண்மையில் இருந்தால் அதை விடாமல் காட்டுங்கள்.

வரி தயாரிப்பவரின் கட்டணத்தை ரீஃபண்டிலிருந்தே கழித்துக்கொள்ளச் சொன்னவர்களுக்கு, அதற்காகத் திறந்த தற்காலிக வங்கிக் கணக்கு இப்போது இருக்காது. அவர்களுக்குக் காகிதக் காசோலைதான் வரும். காசோலைகள் ஜிப் எண்ணின் (அஞ்சல் குறியீட்டின்) கடைசி மூன்று இலக்கங்களின் வரிசையில் பிரித்து அனுப்பப்படுவதால், பக்கத்து ஊர்க்காரருக்கு வந்து உங்களுக்கு வராததால் பதற வேண்டாம். வீடு மாறியிருந்தால் மாநில வரி வாரியத்தில் முகவரியை மாற்றிவிடுங்கள். ஐடின் எண்ணுக்கு அக்டோபர் 15-க்குள் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் 2022 பிப்ரவரி 15 வரை தாக்கல் செய்யலாம்.

வேலையின்மைத் தொகையில் மத்திய அரசு சேர்த்துத் தந்த வாரம் 300 டாலரும், சுயதொழில் செய்வோருக்கான சிறப்புத் திட்டமும், நீட்டிப்புகளும் செப்டம்பர் 4-உடன் நிற்கின்றன. உங்கள் கணக்கில் மீதி காட்டினாலும் அதற்குப் பிந்தைய வாரங்களுக்குப் பணம் வராது. முந்தைய வாரங்களுக்கு நிலுவை இருந்தால் வரும். ஜூலை 11 முதல் வேலை தேடியதைத் தெரிவிப்பதும் மீண்டும் கட்டாயம். எந்த நிறுவனம், எந்தத் தேதி, என்ன வேலை என்று வாராவாரம் குறித்து வையுங்கள்.

நோய் விடுப்பு: எஸ்பி 95 சட்டப்படி, 25 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் 80 மணி நேரம் வரை சம்பளத்துடன் தனி விடுப்புத் தர வேண்டும். தனிமைப்படுத்தல், தடுப்பூசி போடச் செல்வது, அதன் பின்வரும் காய்ச்சல், தனிமைப்படுத்தப்பட்ட குடும்பத்தினரைப் பார்த்துக்கொள்வது எல்லாம் இதில் அடங்கும். நாளுக்கு 511 டாலர், மொத்தம் 5,110 டாலர் உச்சவரம்பு. இது ஜனவரி 1 முதலே பொருந்தும். ஏப்ரலில் ஊசி போட்ட மறுநாள் சம்பளமில்லாமல் படுத்திருந்தீர்களா? அதை இப்போதும் கேட்டுப் பெறலாம். வாயால் கேட்டாலே போதும். எழுதிக் கேட்டால் சான்று இருக்கும்.

விசாவில் இருப்பவர்கள் "உதவி வாங்கினால் கிரீன் கார்டுக்குச் சிக்கலாகுமோ" என்று தயங்குகிறார்கள். அரசு உதவியைச் சார்ந்திருப்பவர் என்று கருதி கிரீன் கார்டை மறுக்க இடம் தந்த, 2019-இல் வந்த கடுமையான பப்ளிக் சார்ஜ் விதி 2021 மார்ச்சில் கைவிடப்பட்டுவிட்டது. வாடகை பாக்கிக்கான உதவியும், உழைத்துச் சேர்த்த உரிமையான வேலையின்மைக் காப்பீடும் அந்தக் கணக்கில் வருவதில்லை. வாடகை உதவிக்குக் குடியேற்ற நிலையைக் கேட்பதும் இல்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் மாதக்கணக்கில் பதில் இல்லை என்றால், கடிதம் அனுப்பிய அதே சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தை அழையுங்கள். வேலைவாய்ப்புத் துறை, வரி வாரியம், மோட்டார் வாகனத் துறை ஆகியவற்றில் சட்டமன்ற அலுவலகங்களின் விசாரணைக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் அழைத்தால் கிடைக்காத இணைப்பு அவர்களுக்குக் கிடைக்கும். ஓட்டுரிமை தேவையில்லை, தொகுதியில் வசித்தால் போதும். உங்கள் தகவலைத் துறையிடம் கேட்க அனுமதிக்கும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். அது இல்லாமல் வேலை நகராது. விண்ணப்ப எண், தாக்கல் செய்த தேதி, கடைசியாக வந்த கடிதத்தின் நகல் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். சமூகப் பாதுகாப்பு எண்ணைச் சாதாரண மின்னஞ்சலில் எழுதாதீர்கள். எந்த அலுவலகமும் இதற்குக் கட்டணம் வாங்காது. பணம் கேட்டு யாராவது அழைத்தால் அது மோசடி. மத்திய அரசின் ஊக்கத்தொகை, ஐ.ஆர்.எஸ்., விசா விவகாரங்களில் மாநில உறுப்பினரால் எதுவும் செய்ய முடியாது. அவற்றுக்கு உங்கள் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தை அணுக வேண்டும்.