திருநர் சட்டத்தின் மறுபாதி அவைக்குறிப்பில் இருக்கிறது

மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காடுகிறேன். திருநங்கைகளும் திருநம்பிகளும் என்னிடம் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காக வருகிறார்கள். அடையாளச் சான்று வாங்க வேண்டும். அல்லது யாரோ அடித்துவிட்டார்கள், போலீஸ் வழக்குப் பதியவில்லை. இரண்டுக்கும் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019-ஐத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. அதில் ஏன் ஒரு பிரிவு இப்படி இருக்கிறது, இன்னொன்று ஏன் இல்லவே இல்லை என்று கேட்கிறவர்களுக்கு மாநிலங்களவை விவாதங்களின் பதிவான அவைக்குறிப்பை எடுத்துக் காட்டுவது என் வழக்கம். அதில் அடிக்கடி வரும் பெயர் தி.மு.க.வின் திருச்சி சிவா.

ஒரு வெள்ளிக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவருவது தனிநபர் மசோதா. வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம் தனிநபர் அலுவலுக்கென்று ஒதுக்கியிருப்பார்கள். பாதி எம்.பி.க்கள் அதற்குள் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். உறுப்பினர் பேசுவார், அரசே இதைப் பரிசீலித்துக்கொண்டிருக்கிறது, திரும்பப் பெறுங்கள் என்பார் அமைச்சர், அவரும் நன்றி சொல்லித் திரும்பப் பெற்றுக்கொள்வார். சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தமே 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-இல்.

2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் பாலினம் எது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவரவருக்கே உண்டு என்றது. திருநர்களைச் சமூக, கல்வி நிலையில் பின்தங்கியவர்களாகக் கருதி இடஒதுக்கீடு தரும்படி அரசுகளுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சிவா தன் தனிநபர் மசோதாவை அறிமுகப்படுத்தினார். கல்வியிலும் அரசு வேலையிலும் 2 சதவீத இடஒதுக்கீடு, தேசிய ஆணையம், மாநில ஆணையங்கள், திருநர்களுக்கென்று தனி நீதிமன்றங்கள் எல்லாம் அதில் இருந்தன.

2015 ஏப்ரல் 24 அன்று அது விவாதத்தின் முடிவுக்கு வந்தது. சமூக நீதித்துறை அமைச்சர் தாவர்சந்த் கெலாட், வழக்கம்போல், திரும்பப் பெறச் சொன்னார். சிவா மறுத்தார், வாக்கெடுப்பு வேண்டும் என்றார். அரசுக்கு அப்போது மாநிலங்களவையில் பெரும்பான்மை கிடையாது. இப்படி ஒரு விஷயத்தில் அவை பிளவுபட்டதாகத் தெரியக் கூடாது என்று அவை முன்னவர் அருண் ஜேட்லி எழுந்து சொல்ல, குரல் வாக்கெடுப்பில் மசோதா ஒருமனதாக நிறைவேறியது. மாநிலங்களவையில் ஒரு தனிநபர் மசோதா அதற்கு முன் நிறைவேறி 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று சிவா ஆற்றிய உரையைவிட, உட்காரச் சொன்னபோது உட்காராமல் நின்றதையே நான் பெரிதாக மதிக்கிறேன். நன்றாகப் பேசிவிட்டு மசோதாவைத் திரும்பப் பெற்றவர்கள் நிறையப் பேர் உண்டு.

மக்களவையில் அந்த மசோதாவை பைஜயந்த் பாண்டா அறிமுகப்படுத்தினார். சட்டமாகவில்லை. அரசு 2016 ஆகஸ்டில் தன்னுடைய மசோதாவைக் கொண்டுவந்தது. படித்தபோது எனக்கு வந்தது கோபம். அடையாளச் சான்று கொடுக்க மாவட்டந்தோறும் ஒரு பரிசோதனைக் குழு, அதில் தலைமை மருத்துவ அதிகாரி! பிச்சையெடுக்க வைப்பது குற்றம் என்ற பிரிவு, பார்வைக்கு நல்லதாகத் தெரிந்தாலும், வேறு பிழைப்பில்லாமல் கடை கடையாகக் காசு கேட்டுப் போகிறவர்கள் மீதும் அவர்களுக்கு அடைக்கலம் தரும் மூத்தவர்கள் மீதும்தான் பாயும். மசோதாவை ஆராய நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பினார்கள். திருநர் அமைப்புகள் எழுதிக் கொடுத்தார்கள், நேரில் போய்ச் சொன்னார்கள். 2017 ஜூலையில் குழுவின் அறிக்கை வந்தது. அரசு பெரும்பாலான பரிந்துரைகளை ஏற்கவில்லை. 2018 டிசம்பரில் மக்களவை நிறைவேற்றிய வடிவத்திலும் பரிசோதனைக் குழு இருந்தது. அந்த மக்களவையின் காலம் முடிந்ததும் மசோதா காலாவதியானது. 2019-இல் மறுபடி வந்தபோது பரிசோதனைக் குழுவும் இல்லை, பிச்சைப் பிரிவும் இல்லை. வீதியில் நின்றவர்களின் குரலும் அவையில் எழுந்த ஆட்சேபணையும் சேர்ந்து செய்த வேலை அது.

இது எங்கே உதவியது என்று சொல்கிறேன். சட்டம் 2020 ஜனவரி 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டே விதிகளும் வந்தன. விண்ணப்பமும் பிரமாணப் பத்திரமும் போதும், மருத்துவப் பரிசோதனை கேட்கக் கூடாது என்றன விதிகள். அந்தப் புதிதில் ஒரு திருநம்பி விண்ணப்பத்தோடு திரும்பி வந்தார். "டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்கிறார்கள் சார்" என்றார். கூடவே போய், விதியின் நகலை எழுத்தர் முன் வைத்தேன். "சார், பழைய நடைமுறை அப்படித்தான்" என்றார் அவர். 2016 மசோதாவில் பரிசோதனைக் குழு இருந்ததையும், நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அது இல்லாததையும் ஒரு பக்கக் கடிதமாக எழுதி மாவட்ட ஆட்சியரின் நேர்முக உதவியாளரிடம் கொடுத்தேன். விண்ணப்பம் உள்ளே போனது. (சட்டமும் விதிகளும் மாறக்கூடியவை. நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.)

தண்டனை விஷயத்தில் இந்த நல்ல செய்தி இல்லை. 2019 நவம்பர் 26, அரசமைப்புச் சட்ட நாள். மாநிலங்களவையில் மசோதா வந்தபோது, இதை ஆராய உறுப்பினர்கள் அடங்கிய தெரிவுக்குழுவுக்கு அனுப்புங்கள் என்று சிவா தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவாக 55, எதிராக 74. தோற்றது. மசோதா அன்றே நிறைவேறியது. எழுந்த ஆட்சேபணைகளில் ஒன்று 18-ஆம் பிரிவு. திருநர் ஒருவரை உடலளவிலோ பாலியல் ரீதியாகவோ துன்புறுத்தினால் அதன்படி ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. பெண்ணுக்கு நடந்தால் பாலியல் வல்லுறவுக்குக் குறைந்தபட்சமே பத்து ஆண்டு.

வக்கீலாக எனக்கு இதில் இன்னொரு சிக்கல் தெரிகிறது. தனிச் சட்டம் வேறு ஏதும் சொல்லாவிட்டால், மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில் குற்றவியல் நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன் விசாரணை செய்ய முடியாது. ஜாமீனும் உரிமையாகக் கிடைத்துவிடும். அதனால்தான் காவல் நிலையத்தில், வழக்குப் பதியாமல், புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிடுகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்த பிறகு, பெண் அல்லாதவர் மீதான பாலியல் வன்முறைக்கும் பயன்பட்ட பழைய 377-ஆம் பிரிவும் இல்லை. வல்லுறவுப் பிரிவு பெண்ணைத்தான் சொல்கிறது. ஆகவே புகார் எழுதும்போது 18-ஆம் பிரிவோடு நிறுத்திவிடாதீர்கள். ஆயுதத்தால் காயம் பட்டதா, பணமோ போனோ பறிபோனதா, அடைத்து வைத்தார்களா என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ஆயுதக் காயத்துக்கும் பறிப்புக்கும் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய வேண்டும்.

சிவாவின் மசோதாவிலும் தண்டனைப் பகுதி வலுவானதென்று சொல்ல மாட்டேன். அதன் பலம் வேறு இடத்தில் இருந்தது: புகார் கேட்க ஓர் ஆணையம், விசாரிக்க ஒரு நீதிமன்றம். 2019 சட்டம் தந்தது தேசிய கவுன்சில். அது அரசுக்கு ஆலோசனை சொல்லும் அமைப்பு.

எம்.பி. பேசியதை நீதிமன்றத்தில் காட்டலாமா என்று இளம் வக்கீல்கள் கேட்கிறார்கள். ஒரு தனி உறுப்பினரின் பேச்சை வைத்துச் சட்டத்துக்குப் பொருள் சொல்ல நீதிமன்றங்கள் பொதுவாக ஒப்புவதில்லை. மசோதாவை முன்மொழிந்தவர் எந்தக் குறையைத் தீர்க்க இதைக் கொண்டுவந்தேன் என்று விளக்கியிருந்தால் அதைப் பார்க்கலாம் என்பது கே.பி. வர்கீஸ் வழக்கில் (1981) உச்ச நீதிமன்றம் ஏற்ற நிலை. எனவே எதிர்க்கட்சி உறுப்பினரின் உரையைவிட, அதற்கு அமைச்சர் அளித்த பதிலே வாதத்துக்குப் பயன்படும். அந்தப் பதிலை வரவழைத்தது உறுப்பினரின் கேள்வி என்பதையும் கவனியுங்கள். இரு அவைகளின் குறிப்புகளும் சன்சத் இணையதளத்தில், உறுப்பினர் பெயர், தேதி வாரியாகத் தேடும் வசதியோடு இலவசமாகக் கிடைக்கின்றன.

இடஒதுக்கீட்டில் கணக்கு இன்னும் தீரவில்லை. 2019 சட்டத்தில் 2 சதவீதம் இல்லை. சிவாவின் மசோதா நிறைவேறிய அதே 2015 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கை இதில் எந்தச் சான்றைக் காட்டுவது? ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் திருநர்களுக்குத் தனி இடம் தரும் கிடைமட்ட இடஒதுக்கீட்டைக் கேட்டு திருநர் செயல்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றோர் ஆண்டுக்கணக்கில் போராடி வருவது இதனால்தான். இதுபற்றி ஒரு மசோதா நிலைக்குழுவுக்குப் போனால் குழு பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துக் கருத்துக் கேட்கும். அவகாசம் குறைவாகவே தருவார்கள். வழக்கமாக ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கேட்பார்கள். எழுதுகிறவர்கள் எந்தப் பிரிவு, என்ன மாற்றம், ஏன் என்று மூன்றையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஒரு நகலை உங்கள் தொகுதி எம்.பி.க்கும் அனுப்புங்கள்.